பாலே சாயலில் அன்றாட உடை: சேலத்து வெயிலுக்கு எது முதலில்?

இடுப்போடு ஒட்டி நிற்கும் மேல்சட்டை, நடக்கும்போது கூடவே மிதந்து வரும் பாவாடை, தரையோடு தரையாக ஒரு மெல்லிய ஷூ, கழுத்து முழுக்கத் தெரிகிற மாதிரி தூக்கிப் போட்ட கொண்டை. பாலே என்ற மேற்கத்திய நடனத்தை ஆடுகிறவர்களின் இந்தத் தோற்றம் 2022 வாக்கில் உலகம் முழுக்க மறுபடி ஃபேஷன் ஆனது. மியூ மியூ போன்ற பெரிய நிறுவனங்கள் சாட்டின் பாலே ஷூவைத் தெருவுக்குப் போடும் ஷூவாகக் கொண்டுவந்தன. அந்த ஆசை இப்போது சேலத்திலும் இருக்கிறது. என்னிடம் துணி தைக்க வரும் கல்லூரிப் பெண்கள் போனில் படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கேட்பது வேறு: "இதுல எதைத் தச்சா வாரத்துல நாலு நாள் போட முடியும், அக்கா?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

போட்டியில் இருப்பவை ஐந்து: குறுக்காகக் கட்டும் மேல்சட்டை, பாவாடை, ஷூ, பாடிசூட் என்கிற ஒட்டு உடுப்பு, கம்பளிக் கால் உறை. எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கினால் கட்டுபடியாகாது. வாங்கினாலும் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வேஷம் கட்டியது போல் ஆகிவிடும். எனவே எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவை ஊர்தான் எடுக்க வேண்டும், போனில் வரும் படம் எடுக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். நம்மில் பாதிப் பேர் ஸ்கூட்டியில்தான் ஐந்து ரோடு, நான்கு ரோடு சந்திப்புகளைத் தாண்டி வேலைக்குப் போகிறோம். வீடு, கோயில், சில துணிக்கடைகள் என்று ஒரு நாளைக்குப் பல தடவை செருப்பைக் கழற்றிப் போடுகிறோம். துவைத்த துணி மொட்டை மாடியில் காய்ந்து மறுநாளே உடம்புக்கு வர வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறாத எதையும் அன்றாட உடை என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு அளவுகோலும் எனக்கு உண்டு. பாலேவில் மேடை உடுப்பு வேறு, பயிற்சி உடுப்பு வேறு. நாம் பார்த்து மயங்குவது மேடை உடுப்பு. 1832ல் பாரிஸில் மரீ தாலியோனி கால் விரல் நுனியில் நின்று ஆடியபோது உடுத்தியிருந்த, கெண்டைக்கால் வரை வந்த அந்த வெள்ளை மெல்லிய துணிப் பாவாடைதான் இன்றைக்கு வரும் நெட் பாவாடைகளுக்கெல்லாம் பாட்டி. அது மேடைக்கும் விளக்கொளிக்கும் செய்த உடை. பயிற்சி அறையில் அவர்கள் போடுவது எளிய உடுப்பு: உடம்பு சூடேறியதும் தலையில் மாட்டாமல், கொண்டை கலையாமல் கழற்றக்கூடிய குறுக்குக் கட்டுச் சட்டை, கால் அசைவை மறைக்காத லேசான பாவாடை, மெத்தென்ற ஷூ. நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்கு ஏற்றபடி அமைந்த துணிகள் இவை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

நம் ஊர் நடனத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது. பரதம் கற்கும் பிள்ளைகள் வகுப்புக்குக் கட்டும் பயிற்சிப் புடவையைப் பாருங்கள். கைத்தறிப் பருத்தி, பைஜாமாவுக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு இறுக்கிக் கட்டியது, வியர்வையைக் குடிப்பது, தினமும் துவைக்கலாம். மேடையில் வரும் விசிறி மடிப்புப் பட்டு உடையை யாரும் தினமும் உடுத்துவதில்லை. 1936ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அதற்கு முன் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவோடு பழகி, அவர் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். பாலேவும் பரதமும் தமிழ்நாட்டில் முன்பே ஒரே ஆளிடம் சந்தித்திருக்கின்றன. ஆகவே இந்தச் சாயலை நாம் எடுத்து உடுத்துவதில் அந்நியம் எதுவும் இல்லை.

குறுக்குக் கட்டு மேல்சட்டை

என் முதல் இடம் இதற்குத்தான், தயக்கமே இல்லாமல். தையல் கடையில் "பாலே டாப்" என்று கேட்டால் விழிப்பார்கள். "அங்கரகா மாடல், ஆனா இடுப்பு வரைக்கும் மட்டும்" என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். முன்பக்கம் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஏறி, நாடா இடுப்பைச் சுற்றி வந்து பக்கவாட்டில் முடிச்சு விழும்.

இதன் நன்மைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலாவது, உடம்பு கூடினாலும் குறைந்தாலும் சட்டை கூடவே வரும். பிரசவம் முடிந்தவர்கள், மாதத்தில் சில நாள் வயிறு உப்புகிறவர்கள் இதன் அருமையைச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் வசதி. இரண்டாவது, நெஞ்சின் மேல் துணி இரண்டு அடுக்காக வருவதால் துப்பட்டா இல்லாமலே பல பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். துப்பட்டா இல்லாத சுடிதாருக்கு வீட்டில் முகம் சுளிக்கிறவர்கள் இதற்கு ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது, ஜிப் கிடையாது, ஊக்கு வரிசை கிடையாது; கெட்டுப் போவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த இரண்டு அடுக்கே வெயிலில் எதிரியும் ஆகும். அதனால் துணித் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று துணிகளைத் தைத்துப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.

மல் காட்டன் முதல் தரம். மெல்லியது, காற்று போகும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். சுருங்கும் குணம் உண்டு. வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். தையற்காரர் அவசரப்பட்டால் நீங்களே வீட்டில் ஊறவைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பனியன் துணி இரண்டாவது. பாலே பயிற்சிச் சட்டையின் அசல் தோற்றம் இதில்தான் வரும், உடம்போடு ஒட்டி நிற்கும். திருப்பூர் பக்கத்தில் இருப்பது நம் பாக்கியம்; காதர்பேட்டைச் சந்தையில் பருத்தியோடு கொஞ்சம் லைக்ரா கலந்த நல்ல துணி கிடைக்கிறது. ஆனால் பனியன் துணியைச் சாதாரண மெஷினில் தைத்தால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். ஓவர்லாக் மெஷின் இருக்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். வெளிர் ரோஸ், வெளிர் சாம்பல் நிறப் பனியன் துணியில் அக்குள் வியர்வை அப்படியே வரைபடம் போல் தெரியும். வெள்ளை, கருநீலம், அல்லது பொடிப்பூ அச்சு என்றால் தெரியாது.

ரேயான் மூன்றாவது. உடுத்தினால் அழகாக விழும், கைக்கும் குளிர்ச்சி. ஆனால் ஈரத்தில் பலம் குறையும், முறுக்கிப் பிழிந்தால் நாளாக நாளாக வடிவம் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் போட என்றால் சரி.

தைக்கக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். குறுக்காகப் போகும் கழுத்து ஓரம் துணியின் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டுப்படுவதால் போகப் போக இழுபட்டு வாய் திறக்கும். உள்ளே நேர்நூலில் ஒரு குறுகிய பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டுகளும் சந்திக்கும் இடத்தில், உள்ளே ஒரு பிரஸ் பட்டன். ஸ்கூட்டியில் எதிர்க்காற்று அடிக்கும்போது அந்த ஒரு பட்டன்தான் காப்பாற்றும். உள்துண்டு பக்கத் தையல் வரை போய், அங்கே ஒரு சிறு நாடாவில் கட்டுப்பட வேண்டும். பாதியில் நின்றால் நாள் முழுக்க இழுத்து விட்டுக்கொண்டே இருப்பீர்கள். கை முழங்கைக்குச் சற்று மேலே முடிந்தால் பாலே சாயலும் இருக்கும், அலுவலகத்துக்கும் பொருந்தும். கீழே நேர்ப் பேன்ட், பலாஸோ, ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் ஜீன்ஸ் எதுவும் ஒத்துப்போகும். புதிதாக ஒரே ஒரு துணி; பழைய ஐந்தாறு துணிகளோடு சேரும். அன்றாடம் என்று சொல்ல இதைவிடப் பொருத்தம் எதில் இருக்கிறது?

இதற்கு மாற்றாகச் சிலர் பாடிசூட் வாங்குகிறார்கள். ஜூல் லியோத்தார் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் ஊஞ்சலில் பறந்து காட்டுவதற்குப் போட்ட ஒட்டு உடுப்புதான் பிறகு நடனக்காரர்களிடம் வந்தது. கவட்டில் பட்டனோடு வரும் இந்த உடுப்பு நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர்க் கழிப்பறைக்கும் ஒத்துவராது. பேருந்து நிலையத்திலோ அலுவலகத்திலோ ஒவ்வொரு முறையும் அவிழ்த்து மாட்டுவது பெரும்பாடு. பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் வியர்க்குரு வேறு. சட்டை இடுப்பில் மேலேறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம் என்றால், நீளமான பனியன் துணி ஸ்லிப்பை உள்ளே செருகிவிட்டால் போதும். பாடிசூட் வேண்டாம் என்பதே என் முடிவு.

பாவாடை: நெட்டா, அம்ப்ரெல்லா கட்டா?

இங்கேதான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். பாலே என்றதும் நெட் பாவாடைதான் நினைவுக்கு வரும். கடையில் சாஃப்ட் நெட், உள்ளே விறைப்பாக நிற்க கேன் கேன் நெட் என்று அடுக்கடுக்காக வாங்கித் தைத்தால் கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும், உண்மைதான். ஆனால் அதை உடுத்திக்கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். உட்கார்ந்தால் அரிக்கும். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தால் சக்கரத்தின் பக்கம் பறக்கும். புடவை மாட்டாமல் இருக்கத்தான் நம் ஊர் வண்டிகளில் சாரி கார்டு வைக்கிறார்கள், நெட்டோ புடவையைவிட லேசாகப் பறக்கும். நம் சேலத்துக் கொலுசின் கொக்கியும் சலங்கை முத்தும் நெட்டின் கண்ணியில் மாட்டி, ஒன்று கொலுசு இழுபடும் அல்லது நெட் கிழியும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் நெருப்பு. எம்மா லிவ்ரி என்ற இளம் பாலே நடனமணி 1862ல் பாரிஸ் ஆப்பெராவில் ஒத்திகையின்போது, மேடையின் எரிவாயு விளக்கில் பாவாடை பட்டுத் தீப்பிடித்துக் கருகினார். மறு ஆண்டு இறந்துபோனார். வயது இருபது. தீப்பிடிக்காதபடி ரசாயனம் தோய்த்த துணி அப்போதே இருந்தது. அது மங்கலாகவும் விறைப்பாகவும் இருக்கிறது என்று அவர் உடுத்த மறுத்திருந்தார். இன்றைய நைலான் நெட் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம். தினமும் விளக்கேற்றுகிற வீடு நமது. கார்த்திகை மாதம் வாசல் முழுக்க அகல் இருக்கும். சமையலறையில் கேஸ் அடுப்பு. நெட் பாவாடையைப் பெண் குழந்தைக்குப் போட்டு, குத்துவிளக்கு ஏற்றும் விழாவில் முன் வரிசையில் நிறுத்துகிற வழக்கத்தை நாம் நிறுத்தியாக வேண்டும். வேண்டுமானால் மண்டபத்து வரவேற்புக்கு, பருத்திப் பாவாடையின் மேல் ஒரே ஒரு அடுக்கு சாஃப்ட் நெட் என்று தைத்துக்கொள்ளுங்கள். அன்றாடத்துக்கு வேண்டாம்.

அன்றாடத்துக்கு அம்ப்ரெல்லா கட் இருக்கிறது. மிதப்பது துணியின் எடையாலும் வெட்டாலும்தான். நெட் இல்லாமலே அந்த அசைவு வரும். மல் காட்டன் அல்லது 'வாயில்' என்கிற மெல்லிய துணியில் வட்டமாக வெட்டினால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஓரம் அலை போல் எழுந்து அடங்கும். இடுப்பு 30 அங்குலம், நீளம் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர உயரப் பெண்ணுக்கு இது கெண்டைக்கால் நடுவில் வந்து நிற்கும், தாலியோனி உடுத்திய அதே உயரம்.

முழு வட்டம் என்றால் இடுப்புக்கான ஆரம் 30ஐ 6.28ஆல் வகுத்து வரும் 4¾ அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு அரை வட்டமாக வெட்ட வேண்டும், ஏறக்குறைய 3¾ மீட்டர் பிடிக்கும். கீழ் ஓரத்தின் சுற்றளவு 5½ மீட்டர் வரும். அரை வட்டம் என்றால் ஆரம் 9½ அங்குலம். 2¼ மீட்டர் துணி போதும். கீழ் ஓரம் 3 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டில் எது? ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்கும் அலுவலகத்துக்கும் அரை வட்டம். காலைச் சுற்றிப் பறக்காது, மடித்து உட்காரலாம், செலவும் குறைவு. இடுப்பிலும் கொசுவம் விழாததால் வயிற்றுப் பகுதி தட்டையாகவே இருக்கும். முழு வட்டம் நடந்தே போகிறவர்களுக்கும், விசேஷங்களுக்கும், இருபது வயதுக்கும்.

இரண்டிலும் ஒரு வேலையை மட்டும் தவறவிடக் கூடாது. வட்டமாக வெட்டிய துணியில் சில இடம் நேர்நூலிலும் சில இடம் கிராஸிலும் விழும்; கிராஸில் விழுந்த பகுதி தொங்கத் தொங்க நீளும். இடுப்புப் பட்டி வைத்த பிறகு ஒரு முழு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமன் செய்து அடித்தால்தான் பாவாடை ஒரே மட்டமாக நிற்கும். கடையில் ரெடிமேடாக வாங்கும் வட்டப் பாவாடைகள் இரண்டு துவையலில் ஒரு பக்கம் இறங்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

துணி வாங்கவே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வழி. அம்மாவின் பழைய காட்டன் புடவை ஒன்றை எடுங்கள். புடவை நீளம் ஐந்தரை மீட்டர். உடல் பகுதியில் முழு வட்டப் பாவாடை வெட்டியது போக ஒன்றே முக்கால் மீட்டர் மிஞ்சும்; முந்தியோடு வரும் அந்தத் துண்டில் குறுக்குக் கட்டு மேல்சட்டையையும் தைத்துவிடலாம். கரையைப் பாவாடையின் கீழே வைக்க ஆசைப்படாதீர்கள். கரை நேராக ஓடுவது, வட்டத்தின் ஓரம் வளைவது, இரண்டும் சேராது. கரையைப் பிரித்து இடுப்புப் பட்டிக்கும், சட்டையின் நாடாவுக்கும் வைத்தால் அழகும் பலமும் கிடைக்கும். புடவைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இளம்பிள்ளைப் புடவை ஊர் ஊராகப் போகிறது. இளம்பிள்ளையில் கிடைக்கும் சாஃப்ட் சில்க் வகைகளும் வட்ட வெட்டுக்கு நன்றாக விழும், பகல் வெயிலுக்கு மட்டும் ஆகாது. கல்யாணத்துக்கு என்று உயர்ந்ததாக ஒன்று வேண்டுமானால், புவிசார் குறியீடு பெற்ற நம் சேலம் வெண்பட்டில் குறுக்குக் கட்டுச் சட்டை. பாலேவின் அந்தப் பால் வெள்ளை நம் ஊரிலேயே நெய்யப்படுகிறது.

ஷூ

பெல்லி ஷூ என்று கடைகளில் விற்பதுதான் பாலே ஷூவின் தெரு வடிவம். அது தெருவுக்கு வந்த கதை ருசியானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் காலணிக்கு ரேஷன் இருந்தது. நடன ஷூவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல், நடன ஷூ செய்யும் கபேசியோ நிறுவனத்திடம் அதற்குத் தெருவில் நடக்கத் தக்க அடி வைத்துத் தரச் சொன்னார். பாரிஸில் ரோஸ் ரெப்பெட்டோ 1947ல் தொடங்கிய பட்டறை, 1956ல் நடிகை பிரிஜித் பார்தோவுக்காகச் செய்த சிவப்பு ஷூ இன்றைக்கும் விற்கிறது. உள்புறம் வெளியே இருக்கும்படி அடியைத் தைத்து, பிறகு ஷூவையே திருப்பிப் போடும் முறை அவர்களுடையது. அதனால்தான் அந்த மென்மை.

மென்மையே இதன் குறையும். பாதக் குழிவுக்குத் தாங்கல் கிடையாது, அடி மெல்லியது. பள்ளி ஆசிரியை, துணிக்கடை விற்பனையாளர், செவிலியர் என்று நாள் முழுக்க நிற்கிறவர்கள் இதைப் போட்டால் மாலையில் குதிகால் பேசும். நான் சொல்வது, ஏற்கெனவே உங்களிடம் நல்ல செருப்பு இருந்தால் ஷூவை மூன்றாவதாக வாங்குங்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இரண்டாவதாகவே வாங்கலாம். கழற்றி மாட்டச் சுலபம் என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. பட்டை வைத்த, மேரி ஜேன் எனப்படும் ஷூ நடையில் கழன்று போகாது, ஆனால் கோயில் வாசலில் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். பட்டைக்குப் பதில் எலாஸ்டிக் வைத்தது இரண்டுக்கும் நடுவில் நல்ல சமரசம். மெல்லிய அடி இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு ரப்பர் அடி ஒட்டிக்கொள்ளுங்கள். வெறுங்காலில் போட்டால் வியர்வையில் நாறும்; வெளியே தெரியாத குட்டைச் சாக்ஸ் கட்டாயம். மழைக்கும் சேற்றுக்கும் எடுக்காதீர்கள். சாட்டின் துணியில் செய்தது மண்டபத்துக்கு மட்டும்.

நிறம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பாலே ஷூ ஏன் வெளிர் ரோஸ்? வெள்ளைத் தோலோடு அது கலந்து, கால் இடையில் வெட்டுப்படாமல் விரல் நுனி வரை ஒரே கோடாகத் தெரிவதற்காக. நம் கால் நிறத்துக்கு வெளிர் ரோஸ் போட்டால் நேர் எதிர் விளைவு, கணுக்காலில் கோடு போட்டது போல் கால் குட்டையாகிவிடும். நியூயார்க்கில் ஆர்தர் மிட்செல் 1969ல் தொடங்கிய ஹார்லெம் நடனக் குழுவின் கலைஞர்கள் 1974 முதல் தங்கள் தங்கள் தோல் நிறத்திலேயே காலுறையும் ஷூவும் போட்டு ஆடுகிறார்கள். லண்டனில் பாலே பிளாக் குழுவும் ஃப்ரீட் நிறுவனமும் சேர்ந்து பழுப்பு நிறப் பாலே ஷூவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018ல். அதுவரை பல கலைஞர்கள் முகப்பூச்சை எடுத்து ஷூவில் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போராடி வாங்கியதை நாம் கடையில் சும்மா எடுக்கலாம்: டேன், காப்பிப் பழுப்பு, கருப்பட்டி நிறம். புறங்கையை ஷூவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது கலந்து போகிறதோ அதுதான் உங்கள் பாலே நிறம்.

கணுக்காலில் ரிப்பன் சுற்றிக் கட்டும் ஆசைக்கு நம்மிடம் கொலுசு இருக்கிறது. பெல்லி ஷூவுக்கு மேல், கெண்டைக்கால் பாவாடைக்குக் கீழ், செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசு ஒற்றை வரிசையில் மெல்லியதாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. கொண்டையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உச்சியில் தூக்கிக் கட்டி, வலை போட்டு, நாலு யூ பின் குத்தினால் முடிந்தது. வ.உ.சி. மார்க்கெட்டில் கிடைக்கும் சன்னமல்லியை அதைச் சுற்றி வைத்தால் பாலே சாயல் கெட்டுவிடாது, கூடத்தான் செய்யும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

சேலத்தில் தோற்கிற இரண்டு பொருள்கள் ஏற்காட்டில் ஜெயிக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றே வேறு. டிசம்பர் இரவில் கம்பளிக் கால் உறை அங்கே நிஜமாகவே உதவும். லெக்கிங்ஸுக்கு மேல் கெண்டைக்காலில் இழுத்துவிட்டால் போதும். பின்னல் நூலில் செய்த குறுக்குக் கட்டு ஸ்வெட்டரும் அப்படியே: அடிவாரத்தில் வெயிலுக்கு அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம், மேலே பனிமூட்டம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். எஸ்டேட்டில் வேலை, பள்ளி விடுதியில் வேலை என்று அங்கேயே வாழ்கிறவர்களுக்கு முதல் வாங்கல் இந்த ஸ்வெட்டர்தான், பருத்திச் சட்டை இரண்டாவது. வருஷத்துக்கு ஒரு முறை மே மாத மலர்க் கண்காட்சிக்குப் போய் வரும் நமக்குத் தனியாக வாங்கத் தேவையில்லை. பெல்லி ஷூவை மட்டும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரச் சரிவிலும் சேர்வராயன் கோயில் பாதையிலும் வழுக்கும்.

புடவை மட்டும் கட்டுகிறவர்களுக்கு

"நான் சுடிதார்கூடப் போட மாட்டேன், எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்ட ஒரு ஆசிரியைக்குத் தைத்துக் கொடுத்ததைச் சொல்கிறேன். குறுக்குக் கட்டு ரவிக்கை. முன்பக்கம் அதே இரண்டு துண்டு, ஆனால் கொக்கி உள்ளே. முதுகில் பாலே சட்டை போல் அரைவட்டக் கழுத்து, கை முழங்கை வரை. மெல்லிய காட்டன் புடவைக்கு அது அத்தனை பொருத்தமாக இருந்தது. இந்த வயதில் இதெல்லாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ரவிக்கையைத்தான், மேல்சட்டையைக்கூட இல்லை. ஒரு மீட்டர் துணியில் முடிந்துவிடும். புடவைக்குக் கீழே தட்டையான பெல்லி ஷூ போடுவதாக இருந்தால், ஷூவை மாட்டிக்கொண்டு நின்றுதான் புடவையைக் கட்ட வேண்டும். ஹீல்ஸ் உயரத்துக்குப் பழகிய கை அதே அளவில் கொசுவம் செருகினால் ஃபால்ஸ் தரையில் இழுபட்டு, ஒரே வாரத்தில் ஓரம் கறுத்துவிடும்.